ஜெர்மன் லிசனிங் மட்டும் காலை வாருதா? அறிகுறி பார்த்து சரி பண்ற வழி

சனி ஞாயிறுல நாலஞ்சு பேருக்கு ஜெர்மன் சொல்லிக்குடுக்கிறேன். பாதிப்பேர் நர்ஸுங்க, மீதி மெக்கானிக்கல் முடிச்சிட்டு மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்ற பசங்க. யார் வந்தாலும் சொல்ற டயலாக் ஒன்னுதான், "ரீடிங் ஓகே, ரைட்டிங் ஓகே, லிசனிங் மட்டும் வீக்". நானும் அதே கேஸுதான், முதல் தடவை பி1 (ஏ1, ஏ2க்கு அடுத்த லெவல்) பரீட்சை எழுதினப்ப மத்த மூணும் பாஸ், லிசனிங் மட்டும் புட்டுக்கிச்சு.

"லிசனிங் வீக்"னு சொல்றது "வண்டி ஸ்டார்ட் ஆகல"னு மெக்கானிக்கிட்ட சொல்ற மாதிரி. பெட்ரோல் இல்லாம இருக்கலாம், பிளக்ல கரி புடிச்சிருக்கலாம், இல்ல இஞ்சினே போயிருக்கலாம், ஆனா எடுத்த எடுப்புல யாரும் இஞ்சினைப் பிரிக்க மாட்டாங்க. இங்க மட்டும் எல்லாரும் நேரா இன்னொரு கோர்ஸுக்கு பணம் கட்டுறாங்க. அதனால உங்க அறிகுறி எதுன்னு பார்த்து அந்த தலைப்புக்கு மட்டும் போங்க, எல்லாத்தையும் படிக்கணும்னு அவசியம் இல்ல.

## எதுக்கும் முன்னாடி: 5 நிமிஷ டெஸ்ட்

உங்க லெவல்ல ஒரு நிமிஷ ஆடியோ ஒன்னு எடுங்க, அதுக்கு எழுத்து வடிவமும் கையில இருக்கணும். ஜெர்மன் பரீட்சை நடத்துற கோத்தே இன்ஸ்டிட்யூட் சைட்ல மாதிரி வினாத்தாள் ஆடியோவோட இலவசமா இருக்கு, பேசினது மொத்தமும் பின்பக்கத்துல அச்சாகி இருக்கும்.

முதல் சுத்து, பேப்பரைப் பார்க்காம ஒரே ஒரு தடவை கேளுங்க, புரிஞ்சதை தமிழ்லயே எழுதுங்க. ரெண்டாவது சுத்து, ஆடியோவை நிறுத்திட்டு எழுத்தை மட்டும் படிங்க, தெரியாத வார்த்தைக்கு அடிக்கோடு போடுங்க. மூணாவது சுத்து, ரெண்டையும் சேர்த்து ஓட்டுங்க.

- படிச்சாலே புரியலன்னா காது மேல தப்பு இல்ல, வார்த்தை பத்தல. அறிகுறி 6ல லெவல் பத்தி சொல்ற இடம்.
- படிச்சா புரியுது கேட்டா புரியல: அறிகுறி 1.
- நம்பர், மணி, பேரு வர்ற இடத்துல மட்டும் ஓட்டை: அறிகுறி 2.
- முதல் பாதி ஓகே, அப்புறம் காலி: அறிகுறி 3.
- எல்லாம் புரிஞ்சுது, பதில் மட்டும் தப்பு: அறிகுறி 4.
- பரீட்சை பாஸ், ஊர்ல போய் இறங்கினா ஒன்னும் புரியல: அறிகுறி 5.

## அறிகுறி 1: படிச்சா புரியுது, கேட்டா புரியல

எங்கிட்ட வர்றவங்கள்ல முக்கால்வாசி பேர் இந்த கேஸுதான், அதனால இதை கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

காசே ஆகாத செக்: ஹெட்போன். சிரிக்காதீங்க. ஒரு பக்கம் செத்துப்போன இயர்போன்ல மூணு மாசம் பிராக்டிஸ் பண்ணின ஒருத்தரை எனக்குத் தெரியும். வேற போன்ல, வேற இயர்போன்ல ஒரு தடவை போட்டுப் பாருங்க. அப்புறம் இன்னொன்னு, பரீட்சை ஹால்ல பெரும்பாலும் ஸ்பீக்கர்லதான் போடுவாங்க, மேல ஃபேன் ஓடும், பக்கத்துல ஒருத்தர் இருமுவாரு. வாரத்துல ரெண்டு நாளாவது ஸ்பீக்கர்ல போட்டு, ரூமோட அடுத்த மூலையில உக்காந்து கேளுங்க.

அடுத்த காரணம்: முழுங்கிப் பேசுறது. ஒரு வெள்ளைக்காரர் புக்கு பார்த்து தமிழ் கத்துக்கிட்டு வர்றாருன்னு வெச்சுக்கோங்க. அவருக்குத் தெரிஞ்சது "வந்துகொண்டிருக்கிறேன்". நீங்க போன்ல "வந்துட்ருக்கேன்"ங்கிறீங்க. மனுஷன் முழிப்பாரா மாட்டாரா? அதேதான் உங்களுக்கும் நடக்குது. புக்குல "ஹஸ்ட் டூ ஐனென் மொமென்ட்", அதாவது "ஒரு நிமிஷம் டைம் இருக்கா". வாய்ல வர்றது "ஹஸ்டே நென் மொமென்ட்". "ஹாபென் வியா" கொழஞ்சு "ஹம்வா" ஆகும், "இஸ்ட் எஸ்" "இஸ்ஸஸ்" ஆகும், "நிஷ்ட்"ல கடைசி ட் கழண்டு "நிஷ்"தான் நிக்கும்.

இதுல ஆபத்தானது "ஐன்" (ஒரு), "கைன்" (ஒன்னும் இல்ல) விஷயம். கார் இருக்குன்னு சொல்றப்ப "இஷ் ஹாப் ன் ஆட்டோ"ன்னுதான் வரும், "ஐன்" தேஞ்சு வெறும் "ன்". இல்லன்னு சொல்றப்ப "கைன்" ஓரளவு முழுசா வரும். அதனால "ஐன்"ங்கிற முழு வார்த்தைக்காக காத்திருக்கிறவங்க "கைன்" வந்ததும் அதைப் புடிச்சு ஐன்னு எழுதிடுவாங்க, இருக்கு இல்லையா மாறிப்போச்சு, மார்க் போச்சு.

சரி பண்ற வழி டிக்டேஷன், சலிப்பா இருக்கும் ஆனா வேற வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. 30 செகண்ட் ஆடியோ, அதுக்கு மேல வேணாம். ஒவ்வொரு வாக்கியமா நிறுத்தி, மூணு தடவை வரை கேட்டு, காதுல விழுந்ததை அப்படியே எழுதுங்க. அப்புறம் ஒரிஜினலோட ஒப்பிட்டு தப்புகளை மூணு கலர்ல பிரிங்க: தெரியாத வார்த்தை ஒரு கலர், தெரிஞ்ச வார்த்தை ஆனா காதுல விழலன்னா ஒரு கலர், ரெண்டு வார்த்தை ஒட்டிக்கிட்டதால ஏமாந்தது ஒரு கலர். ஒரு வாரத்துல எந்த கலர் ஜாஸ்தின்னு தெரிஞ்சிடும். நோட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பின்னாடி வேலை இருக்கு.

அதுக்கும் அடுத்தது: சத்தமே பிரியல. இங்க நமக்கு லாபமும் இருக்கு நஷ்டமும் இருக்கு. லாபம் என்னன்னா குறில் நெடில். "ஷ்டட்" நகரம், "ஷ்டாட்" நாடு. "மிட்டே" நடு, "மீட்டே" வீட்டு வாடகை. இதுல தடுமாறுறவங்க உலகத்துல நிறைய, நமக்கு அ ஆவன்னா படிச்சப்பவே காதுல உக்காந்தாச்சு.

நஷ்டம் ரெண்டு. ஒன்னு, தமிழ் எழுத்துல நோட்ஸ் எடுக்கிறது. க-வுக்கு ஒரே எழுத்து, ப-வுக்கு ஒரே எழுத்து. "காபெல்"னு எழுதி வெச்சிருப்பீங்க, அது சாப்பிடுற முள்கரண்டியா, கரண்ட் ஒயரான்னு ரெண்டு நாள் கழிச்சு உங்களுக்கே தெரியாது, ஏன்னா முள்கரண்டிக்கு அழுத்தம் இல்லாத க, ஒயருக்கு காத்து ஊதுற க. தோட்டமும் அப்படித்தான் சீட்டும் அப்படித்தான். வாய்க்கு முன்னாடி ஒரு துண்டுப் பேப்பரை பிடிச்சு சொல்லிப் பாருங்க, ஒயருக்கு பேப்பர் ஆடும், முள்கரண்டிக்கு ஆடாது. நோட்ஸை ஜெர்மன் எழுத்துலயே எழுதுங்க (இந்தப் பதிவுல நான் தமிழ்ல எழுதுறேன், அதைப் பார்த்து பழகாதீங்க).

ரெண்டாவது, மேல ரெண்டு புள்ளி வெச்ச எழுத்துங்க. புள்ளி இல்லாத "ஷோன்" ஏற்கனவே, புள்ளி வெச்ச "ஷோன்" அழகு. புள்ளி இல்லாத "ட்ருக்கென்" பிரிண்ட் எடுக்கிறது, புள்ளி வெச்சா அமுக்குறது. "கொன்டே" முடிஞ்சுது, புள்ளி வெச்சா முடியலாம். கடைசி ஜோடியாலதான் பி1ல மார்க் நிறைய போகுது, நடந்து முடிஞ்ச கதையா இல்ல நடக்கலாம்ங்கிற பேச்சான்னே தலைகீழா ஆயிடும்.

செக் பண்றது ஈஸி. இப்படி 10 ஜோடி எழுதுங்க, தெரிஞ்சவங்க யாரையாவது மாத்தி மாத்தி 20 வார்த்தை படிக்கச் சொல்லுங்க, நீங்க எதுன்னு டிக் பண்ணுங்க. 16க்கு கீழ வந்தா தினம் 10 நிமிஷம் இதையே ஓட்டணும். கூடவே வாயாலயும் சொல்லணும்: உதட்டை "ஊ"ன்னு குவிச்சு வெச்சுக்கிட்டு உள்ள "ஈ" சொல்லுங்க, அதுதான் புள்ளி வெச்ச ஊ. "ஓ"ன்னு குவிச்சு "ஏ" சொன்னா புள்ளி வெச்ச ஓ. கண்ணாடி முன்னாடி நின்னு செய்யுங்க, வீட்ல சிரிப்பாங்க, சிரிக்கட்டும். எங்கிட்ட வந்தவங்கள்ல இந்த சத்தம் வாய்ல வர ஆரம்பிச்ச பிறகுதான் நிறைய பேருக்கு காதுல பிரிய ஆரம்பிச்சுது.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: மூணு வாரம் டிக்டேஷன் ஒழுங்கா போட்டும் ரெண்டாவது கலர், அதாவது தெரிஞ்ச வார்த்தையே காதுல விழாத கலர், குறையவே இல்லன்னா உச்சரிப்பு தெரிஞ்ச ஒரு டீச்சர்கிட்ட தனியா நாலஞ்சு கிளாஸ் போங்க. 25 பேர் உக்கார்ற பேட்ச்ல இது சரியாகாது.

## அறிகுறி 2: நம்பர், மணி, ஸ்பெல்லிங் வந்தா மட்டும் அவுட்

நம்பர். 54ஐ ஜெர்மன்காரங்க "நாலும் ஐம்பதும்"னு சொல்லுவாங்க. மூளைல திருப்பிப்போட்டுட்டு எழுதினீங்கன்னா அடுத்த நம்பர் ஓடிப்போயிருக்கும். திருப்பாதீங்க, கேக்குற வரிசையிலயே எழுதுங்க: இடது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு முதல்ல 4, அப்புறம் அதுக்கு முன்னாடி 5. 254 வந்தா 2 எழுதி, ஒரு இடம் விட்டு 4, அப்புறம் நடுவுல 5. பேப்பர்ல சூப்பரா வேலை செய்யும், போன்ல டைப் பண்றப்ப செய்யாது, அதுக்கு வேற வழி இல்ல பழக்கம்தான்.

15ஆ 50ஆன்னு குழப்பம் வந்தா வாலை கேளுங்க. "ட்ஸேன்"னு இழுத்து ன்-ல முடிஞ்சா 15, "ட்ஸிஷ்"னு குட்டையா முடிஞ்சா 50, சில பக்கம் அது "ட்ஸிக்"னு வரும். போன்ல "ட்ஸ்வோ"னு ஒன்னு கேட்டா பயப்படாதீங்க, அது 2தான். "ட்ஸ்வை"யும் "ட்ரை"யும் ஒரே மாதிரி கேக்குதுன்னு அவங்களே மாத்தி வெச்சிருக்காங்க. ஜூன் ஜூலைக்கும் அதே கதை, "யூனோ"ன்னா ஜூன், "யூலை"ன்னு கடைசியை அழுத்தினா ஜூலை. விலைல "ட்ரை நொய்ன்ட்ஸிஷ்"னா 3 யூரோ 90 சென்ட், 93 இல்ல. 93னா நடுவுல "உன்ட்" வந்தே ஆகணும்.

மணி. நமக்கு ஏழரைன்னா ஏழு தாண்டி அரை. அவங்களுக்கு எட்டை நோக்கி பாதி, அதனால "ஹால்ப் ஆஹ்ட்"னா எட்டரை இல்ல 7:30. "ஹால்ப்" காதுல விழுந்த உடனே ஒரு மணி குறைச்சுடுங்க. "ஃபுன்ஃப் ஃபோர் ஹால்ப் ஆஹ்ட்"னா அந்த 7:30க்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி, 7:25. இதுக்கே தலை சுத்துதுன்னா கிழக்கு ஜெர்மனிலயும் தெற்குல சில பக்கமும் "ஃபியர்டெல் ஆஹ்ட்"னு சொல்லுவாங்க, அது 7:15, "ட்ரை ஃபியர்டெல் ஆஹ்ட்"னா 7:45. எட்டுல கால் பங்கு ஓடியாச்சு, முக்கால் பங்கு ஓடியாச்சுன்னு கணக்கு. எட்டேகால்னு நினைச்சு ஒரு மணி நேரம் லேட்டா வேலைக்குப் போனவங்க இருக்காங்க.

ஸ்பெல்லிங். இங்க நம்ம எதிரி இங்கிலீஷ். ஜெர்மன்ல இங்கிலீஷ் ஐ எழுத்துக்கு பேரு "ஈ", இங்கிலீஷ் ஈ எழுத்துக்கு பேரு "ஏ", இங்கிலீஷ் ஏ எழுத்துக்கு பேரு "ஆ". அவங்க "ஈ"ன்னு சொன்னதும் கை தானா தப்பு எழுத்தை எழுதும். விஜய்னு பேரு இருந்தா "ஃபௌ, ஈ, யொட், ஆ, யுப்ஸிலோன்". முதல்ல உங்க பேரு, அப்புறம் தெரு பேரு, மெயில் ஐடி, இதை சொல்லியும் கேட்டும் பழகுங்க. போன்ல "ஆ வீ ஆன்ட்டோன்"னு சொல்லுவாங்க, நாம "ஏ ஃபார் ஆப்பிள்" சொல்ற மாதிரி. 2022ல ஆபீஸ் உபயோகத்துக்கு ஊர் பேரா மாத்தி "ஆ வீ ஆஹன்"னு புது லிஸ்ட் வந்தாச்சு, ஆனா மக்கள் வாய்ல இன்னும் பழசு ஓடுது, ரெண்டும் காதுல பட்டிருக்கணும்.

இந்த அறிகுறிக்கு டீச்சரே வேணாம். ஃப்ரெண்டு ஒருத்தர் தினம் 20 நம்பர் வாய்ஸ் நோட் அனுப்பினா போதும்.

## அறிகுறி 3: முதல் ரெண்டு நிமிஷம் சூப்பர், அப்புறம் பிளாங்க்

சாதாரண காரணம்: ஒரு வார்த்தைல மாட்டிக்கிறது. "என்ன சொன்னான், என்ன சொன்னான்"னு அதையே நோண்டிக்கிட்டு இருக்கிறப்ப அடுத்த ரெண்டு கேள்விக்கான பதில் காத்துல போயிடும். பரீட்சைல நெகட்டிவ் மார்க் கிடையாது, குத்துமதிப்பா ஒன்னு டிக் பண்ணிட்டு நகருங்க. நான் ஃபெயில் ஆனதுல பாதி இதாலதான்னு இப்ப தோணுது.

அடுத்தது: மனசுக்குள்ள மொழிபெயர்க்கிறது. ஒவ்வொரு வார்த்தையா இங்கிலீஷுக்கு மாத்தி அப்புறம் தமிழுக்கு வந்தா பேசுறவரோட வேகத்துக்கு யாராலயும் ஈடு குடுக்க முடியாது. ஜெர்மன்ல வேற வினைச்சொல்லைப் பிச்சு பாதியை கடைசில வெச்சிடுவாங்க. ஸ்டேஷன்ல "டேர் ட்ஸுக் நாஹ் கோல்ன் ஃபெல்ட் ஹொய்டே லைடர்... அவ்ஸ்"னு வரும். கடைசி "அவ்ஸ்" வந்தாதான் அந்த ரயிலே ரத்துன்னு தெரியும். நடுவுல எங்கயோ மொழிபெயர்த்துக்கிட்டு இருந்தவங்க பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டேதான் இருப்பாங்க.

ஆனா இங்கிலீஷ்காரங்களை விட நமக்கு இது சுலபமா இருக்கணும் சார். தமிழ்லயும் வினை கடைசிலதானே? "நாளைக்கு சாயங்காலம் உங்க வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு..." வர்றாரா வரலையா, கடைசி வரைக்கும் காத்திருந்துதானே கேக்குறோம். "வைல்" (ஏன்னா) போட்டு ஆரம்பிக்கிற வாக்கியத்துல வினை கடைசிக்குப் போறது நமக்குப் புதுசே இல்ல. நடுவுல இங்கிலீஷ் வழியா போறதாலதான் இருக்கிற வசதியைத் தொலைக்கிறோம், நேரா தமிழ்ல இருந்து ஜெர்மனுக்குப் போங்க.

பயிற்சி: ஆடியோ ஓடுறப்ப அரை செகண்ட் பின்னாடியே நீங்களும் அதை வாயால சொல்லிக்கிட்டே வாங்க, அர்த்தத்தைப் பத்தி கவலைப்படாம. மொழிபெயர்க்க மூளைக்கு நேரமே கிடைக்காது. 1 நிமிஷத்துல ஆரம்பிச்சு வாரம் ஒரு நிமிஷம் ஏத்துங்க.

மூணாவது காரணம் ஸ்டாமினா. நைட் டியூட்டி முடிச்சிட்டு வந்து பஸ்ல கேட்டா எனக்கும்தான் புரியாது. பி1 லிசனிங் 40 நிமிஷம். வாரத்துல ஒரு தடவையாவது 40 நிமிஷம் ஒரே மூச்சா உக்காந்து பழகலன்னா அன்னைக்கு மட்டும் எப்படி வரும்?

## அறிகுறி 4: எல்லாம் புரிஞ்சுது, மார்க் வரல

கோத்தே பி1 லிசனிங்ல 4 பகுதி, 30 கேள்வி. முதல் பகுதியும் நாலாவதும் ரெண்டு தடவை போடுவாங்க, நடுவுல உள்ள ரெண்டும் ஒரே தடவைதான். 100க்கு 60 வேணும், அதாவது 18 கேள்வி சரியா இருக்கணும். எது ஒரு தடவைன்னு தெரியாம போய் "இன்னொரு தடவை போடுவாங்கல்ல"னு உக்காந்திருந்த ஆளுங்க வருஷா வருஷம் உண்டு.

தப்பு ஆகுறது எங்கன்னா, பேசுறவர் மூணு ஆப்ஷனையும் வாயால சொல்லிடுவாரு. "ஐகென்ட்லிஷ் சனிக்கிழமை போறதாதான் இருந்தோம், ஆனா என் வீட்டுக்காரருக்கு டியூட்டி, அதனால ஞாயிறுதான்"னு வரும். சனின்னு கேட்டதும் சனியை டிக் பண்ணிட்டு நிம்மதியா இருப்போம். "ஐகென்ட்லிஷ்" (உண்மையில), "லைடர்" (துரதிர்ஷ்டவசமா), "டோஹ்" (ஆனாலும்), "ஸோன்டெர்ன்" (அது இல்ல, இது) இந்த நாலுல ஒன்னு காதுல விழுந்தா பேச்சு திரும்பப்போகுதுன்னு அர்த்தம், பேனாவைத் தூக்கிடுங்க.

இன்னொன்னு, கேள்வியில இருக்கிற வார்த்தை ஆடியோவுல அப்படியே வந்தா சந்தேகப்படுங்க. கேள்வியில "கோஸ்டென்லோஸ்"னு, அதாவது இலவசம்னு இருக்கும், ஆடியோவுல "நீங்க எதுவும் கட்ட வேணாம்"னு வரும். கேள்வி படிக்கக் குடுக்கிற இடைவெளில முக்கிய வார்த்தைக்கு அடிக்கோடு போடுறதோட நிக்காம, அதை வேற எப்படி சொல்லுவாங்கன்னு ஒரு வார்த்தை யோசிச்சு வெச்சுக்கோங்க.

நாலாவது பகுதில நடத்துறவரும் ரெண்டு விருந்தாளியும் பேசுவாங்க, யார் எதைச் சொன்னாங்கன்னு கேள்வி. ஆரம்பத்துல பேரு சொல்றப்பவே எந்தக் குரல் யாருதுன்னு குறிச்சுக்கணும், அதை விட்டா எல்லாம் புரிஞ்சும் பிரயோஜனம் இல்ல.

இதுக்கு கோர்ஸ் வேணாம், பழைய மாதிரித் தாள் அஞ்சாறு போட்டு, தப்பான கேள்விக்கு மட்டும் ஏன் தப்புன்னு ஒரு வரி எழுதினா போதும்.

## அறிகுறி 5: பாஸ் பண்ணியாச்சு, அங்க போனா ஒன்னும் புரியல

சென்னையில கிளாஸ்ல படிச்சிட்டு மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போன வெளியூர்க்காரரை நினைச்சுக்கோங்க. தெற்குல பவேரியா மாநிலத்துல "நிஷ்ட்" எல்லாம் "நெட்" ஆயிடும், "இஷ்" வெறும் "இ" ஆயிடும், வாக்கியத்துக்கு வாக்கியம் "கெல்"னு ஒன்னு வரும், அது நம்ம "இல்லையா" மாதிரி. வடக்குல ராத்திரி ஒன்பது மணிக்கும் "மொய்ன்"னுதான் வணக்கம் சொல்லுவாங்க. ஆஸ்திரியாவுல ஜனவரிக்கு பேரே வேற, "யென்னர்". பி1 ஆடியோவுலயே ஆஸ்திரிய, சுவிஸ் உச்சரிப்பு கலந்து வரும், அந்த பரீட்சையை மூணு நாடும் சேர்ந்துதான் உருவாக்கினாங்க.

சுலபமான வழி, எந்த ஊருக்குப் போறீங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கே அந்தப் பக்கத்து ரேடியோவை ஆரம்பிச்சுடுங்க. பவேரியான்னா பிஆர், ஸ்டுட்கார்ட் பக்கம்னா எஸ்டபிள்யூஆர், ஹாம்பர்க் பக்கம்னா என்டிஆர். எல்லாம் பொது ஒலிபரப்பு, ஆப்ல இலவசம்.

போன்ல மட்டும் புரியலன்னா: நேர்ல உதடு, கை, முகம் எல்லாம் சேர்ந்துதான் புரிய வெச்சுது, போன்ல அது எதுவும் இல்ல. தமிழ்ல கேக்குறதுன்னா காதால கேக்குறதும் அதுதான், கேள்வி கேக்குறதும் அதுதான், ரெண்டுக்கும் ஒரே சொல்லு. நம்ம ஆளுங்க முதலாவதை மட்டும் செஞ்சிட்டு "யா, யா"ன்னு தலையாட்டிடுறாங்க. "வீ பிட்டே" (என்ன சொன்னீங்க) கேக்க வெக்கப்படாதீங்க. அதைவிட நல்லது, புரிஞ்சதைத் திருப்பிச் சொல்றது: "அப்ப 14 மணி, மூணாவது வார்டு, ரிஷ்டிஷ்?" தப்புன்னா அவங்களே திருத்துவாங்க.

நர்ஸுங்களுக்கு ஒரு தனி குறிப்பு. ஷிப்ட் மாறும்போது நடக்கிற "யுபர்காபே"ல வேகம் ஒரு பக்கம், சுருக்கம் ஒரு பக்கம். "எர் எர்"னா ரத்த அழுத்தம், "பே ட்ஸெட்"னா சுகர். "ட்ஸுகாங்"னு வந்தா புதுசா அட்மிட் ஆன நோயாளியாவும் இருக்கலாம், கையில போட்ட ஊசி வழியாவும் இருக்கலாம். என் ஸ்டூடன்ட் ஒரு பொண்ணு புது நோயாளி எந்த ரூம்னு தேடிக்கிட்டு இருந்திருக்கு, அவங்க சொன்னது 12ல இருக்கிறவருக்கு ஊசி வழி மாத்தணும்னு. முதல் ரெண்டு வாரம் சின்ன நோட்டு பாக்கெட்ல வெச்சுக்கோங்க, புரியாத சுருக்கத்தை அன்னைக்கே கூட வேலை செய்றவங்ககிட்ட கேட்டுடுங்க. மருந்தளவு விஷயத்துல மட்டும் காதை நம்பவே வேணாம், எழுதிக் காட்டச் சொல்லுங்க.

## அறிகுறி 6: மாசக்கணக்கா கேக்குறேன், இருந்த இடத்துலயே இருக்கேன்

சமையல் பண்ணிக்கிட்டே பின்னாடி ஓட விடுறீங்களா? அது மழைச்சத்தம் கேக்குற மாதிரி, தூக்கம் வேணா நல்லா வரும். தினம் 15 நிமிஷம் கையில பேனாவோட உக்காருங்க, மீதி நேரம் ஓடுறது போனஸ்.

இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டு சீரியல் பார்க்குறீங்களா? நீங்க படிச்சிக்கிட்டு இருக்கீங்க, கேக்கல. முதல்ல சப்டைட்டில் இல்லாம ஒரு சீன், அப்புறம் ஜெர்மன் சப்டைட்டில்ல அதே சீன், திரும்ப இல்லாம.

லெவல் ஏத்தமா இருக்கா? 10 வார்த்தைல 2 தெரியலன்னா ஒரு படி இறங்குங்க, இது நானா வெச்சுக்கிட்ட கணக்குதான் ஆனா வேலை செய்யுது. டாய்ச்ச வெல்லேங்கிற ஜெர்மன் ஒலிபரப்போட சைட்ல "நிகோஸ் வேக்"னு ஏ1ல இருந்து பி1 வரை இலவச வீடியோ கோர்ஸ் இருக்கு. அதுக்கு மேல அதே சைட்ல நிதானமா வாசிக்கிற நியூஸ் வருது, எழுத்தோட. அதுக்கு மேல "லோகோ"ங்கிற குழந்தைகள் நியூஸ், பெரியவங்களுக்கும் தாராளமா போதும். "ஈஸி ஜெர்மன்" யூட்யூப் சேனல்ல தெருவுல போறவங்ககிட்ட மைக்கை நீட்டி எடுத்த பேட்டிங்க, முழுங்கிப் பேசுறது எப்படின்னு பார்க்க அதைவிட நல்லது இல்ல. ராத்திரி 8 மணி "டாகஸ்ஷவ்" 15 நிமிஷ நியூஸ் எல்லாம் பி2 தாண்டினவங்களுக்கு, ஏ2ல இருந்துக்கிட்டு அதைப் பார்த்து மனசு உடைஞ்சவங்க நிறைய.

வேகத்தைக் குறைச்சு கேக்கலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. யூட்யூப்ல 0.75ல வெச்சு முதல் தடவை கேளுங்க தப்பில்ல, ஆனா கடைசித் தடவை நார்மல் ஸ்பீடுதான். 0.75லயே தங்கிட்டா அதுவே பழகிடும்.

## இதெல்லாம் செஞ்சும் சரியாகலன்னா

காது டாக்டர்கிட்ட போங்க. நெசமாதான் சொல்றேன். தமிழ்லயே கூட்டத்துல "என்ன? என்ன?"னு கேக்குறீங்களா, டிவி சவுண்ட் ஜாஸ்தின்னு வீட்ல திட்டு விழுதா, போனை எப்பவும் ஒரே காதுல வெச்சுத்தான் பேசுறீங்களா, இதுல ஒன்னு இருந்தாலும் மொழிப் பிரச்சனைன்னு நினைச்சிட்டு இருக்காதீங்க. ஸ், ஃப், ஷ் மாதிரி சன்னமான சத்தம்தான் பெரும்பாலும் முதல்ல மங்கும், ஜெர்மன்ல அது வார்த்தைக்கு வார்த்தை வரும். தமிழ்ல சந்தர்ப்பத்தை வெச்சு மூளை ஒப்பேத்திடும், புது மொழியில ஒப்பேத்த முடியாது, அதனாலயே அங்க முதல்ல தெரியுது. சில பேருக்கு வெறும் அழுக்கடைப்பு, எடுத்துவிட்டா முடிஞ்சுது. இல்லன்னா ஆடியோகிராம் எடுக்கச் சொல்லுவாங்க, வலி கிலி ஒன்னும் இல்ல, பீப் கேட்டா பட்டனை அமுக்கணும் அவ்வளவுதான்.

குறை இருக்குன்னு தெரிஞ்சா ரிப்போர்ட்டை பத்திரமா வைங்க. கோத்தே பரீட்சைல உடல் ரீதியா தேவை இருக்கிறவங்களுக்கு தனி ஏற்பாடு உண்டு, ஆனா ரிஜிஸ்டர் பண்றப்பவே சொல்லி மெடிக்கல் சர்டிஃபிகேட் குடுக்கணும், பரீட்சை அன்னைக்குப் போய் கேட்டா நடக்காது.

காது நல்லா இருக்குன்னு வந்துட்டா, அப்பதான் தனி டீச்சர் செலவு. போறப்ப அந்த மூணு கலர் டிக்டேஷன் நோட்டைக் கையில எடுத்துட்டுப் போங்க. அதைப் பார்க்காமலே "முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்"னு பேக்கேஜ் விக்கிறவர்கிட்ட நன்றி சொல்லிட்டு எழுந்து வந்துடுங்க. லிசனிங் மட்டும் போயிருந்தா அந்த ஒரு மாட்யூலை மட்டும் திரும்ப எழுதலாம், பி1ல நாலுக்கும் பணம் கட்ட வேண்டியதில்ல.